மட்டம் அறிந்து வெட்டிய கால்

ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ் என்றொரு கணினி விளையாட்டு இருக்கிறது. டார்ன் ஆடம்ஸ், ஸாக் ஆடம்ஸ் என்ற அமெரிக்கச் சகோதரர்கள் உருவாக்கி 2006-இல் வெளியிட்டது. குள்ளர் கூட்டம் ஒன்றை வைத்துக்கொண்டு மலையைக் குடைந்து கோட்டை கட்டுவதுதான் ஆட்டம். கோட்டைக்குள் கிணறு வேண்டும், பயிருக்கு ஈரம் வேண்டும், வாசலில் அகழி வேண்டும். அத்தனைக்கும் ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டித்தான் தண்ணீரைக் கொண்டுவர வேண்டும்.

அந்த உலகம் சிறு சிறு கட்டங்களால் ஆனது. ஒவ்வொரு கட்டத்திலும் நிற்கும் தண்ணீருக்கு 1 முதல் 7 வரை ஆழ அளவு உண்டு. ஆழம் கூடிய கட்டத்திலிருந்து குறைந்த கட்டத்துக்கு நீர் பரவும். புதிதாக ஆட வருபவர்களில் பலர் ஒரே இடத்தில் கோட்டையை இழக்கிறார்கள். ஆற்றுக்குக் கீழே நாலைந்து தளம் தள்ளித் தொட்டி வெட்டி, ஆற்றிலிருந்து அதற்கு வழி திறந்துவிடுவார்கள். தொட்டி நிரம்பியதும் நீர் நின்றுவிடும் என்று எதிர்பார்ப்பார்கள். நீர் நிற்காது. தொட்டியின் வாய் வழியே பொங்கி, படிக்கட்டில் ஏறி, அறை அறையாக நிரப்பி, ஏறக்குறைய ஆற்றின் மட்டம் வரை வந்த பிறகே அடங்கும். அதற்குள் குள்ளர்கள் மூழ்கிப்போயிருப்பார்கள்.

வெட்டுவது நம் கையில் இருக்கிறது. வெட்டிய பின் நீர் எங்கே போகும், எங்கே நிற்கும் என்பதை மட்டம்தான் தீர்மானிக்கிறது. இந்தப் பாடத்தை ஒரு வட்டாரமே ஏறத்தாழ ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக மண்ணில் எழுதி வைத்திருக்கிறது. பட்டுக்கும் கோயிலுக்கும் பெயர்பெற்ற காஞ்சிபுரத்தைச் சுற்றி, பாலாற்றின் இரு கரையிலும் வெட்டப்பட்ட ஊற்றுக்கால்களைத்தான் சொல்கிறேன்.

தண்ணீர் இல்லாத ஆற்றின் தண்ணீர்

கர்நாடகத்தில் நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் பாலாறு, ஆந்திரத்தின் ஒரு மூலையைத் தொட்டுக்கொண்டு தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், வாலாஜா வழியாக வந்து, காஞ்சிபுரத்துக்குத் தெற்கே செவிலிமேடு, ஓரிக்கையை ஒட்டி நகர்ந்து, திருமுக்கூடலில் செய்யாற்றையும் வேகவதியையும் சேர்த்துக்கொண்டு, வாயலூர் அருகே கடலில் கலக்கிறது. ஏறத்தாழ 350 கிலோமீட்டர் நீளம். அதில் பெரும்பகுதி தமிழ்நாட்டில்.

வருடத்தின் பெரும்பாலான மாதங்களில் பாலத்தின் மேலிருந்து பார்த்தால் மணல்தான் தெரியும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சில நாள் வெள்ளம் வரும், வடிந்துவிடும். ஆனாலும் இந்த ஆற்றை நம்பித்தான் காஞ்சிபுரம் வட்டாரம் முப்போகம் பார்த்தது. நகரத்தின் குடிநீர்க் கிணறுகள் பாலாற்று மணலில் இறங்கியிருக்கின்றன. கல்பாக்கம் அணுமின் வளாகமும் பாலாற்றுப் படுகையிலிருந்தே தண்ணீர் எடுக்கிறது.

எப்படி? விடை மணலில் இருக்கிறது. ஆற்று மணலை ஒரு பாத்திரத்தில் நிரப்பினால் அதன் பருமனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெற்றிடம்தான். மணிகளுக்கு இடையே உள்ள இடுக்குகள். அந்த இடுக்குகள் முழுவதும் நீரால் நிறையும். எல்லா நீரும் திரும்பக் கிடைக்காது; கொஞ்சம் மணலிலேயே ஒட்டிக்கொள்ளும். பருமணலாக இருந்தால் ஒரு கன மீட்டரிலிருந்து சுமார் 200 லிட்டர் வடியும் என்று வைத்துக்கொள்ளலாம். அரை கிலோமீட்டர் அகலமும் ஒரு கிலோமீட்டர் நீளமும் ஒரு மீட்டர் ஆழமும் கொண்ட மணற்படுகையைக் கணக்கிட்டுப் பாருங்கள். 5 லட்சம் கன மீட்டர் மணல். வடியக்கூடிய நீர் 10 கோடி லிட்டர். ஆழம் 5 மீட்டர் என்றால் 50 கோடி லிட்டர். ஆற்றின் ஒரே ஒரு கிலோமீட்டருக்கு இவ்வளவு.

ஏரியில் நிற்கும் நீரை வெயில் குடிக்கும். மணலின் மேற்பரப்பிலிருந்து ஒரு மீட்டருக்குக் கீழே போய்விட்ட நீரை வெயில் அநேகமாகத் தொடுவதில்லை. மேல்மணல் காய்ந்தவுடன், கீழேயுள்ள ஈரம் மேலேறி வரும் இழை அறுந்துவிடுகிறது. வெள்ளம் வந்த நாட்களில் நிரம்பி, கோடை வரைக்கும் மூடி வைத்த பாத்திரமாக இருப்பது இந்த மணற்படுகை.

பாத்திரத்தில் நீர் இருக்கிறது. அது மணலுக்குள், நிலமட்டத்துக்குக் கீழே இருக்கிறது. வயல் மேலே இருக்கிறது. மாடும் ஏற்றமும் இல்லாமல், எரிபொருளோ மின்சாரமோ இல்லாமல், கீழேயுள்ள நீரை மேலேயுள்ள வயலுக்கு எப்படிக் கொண்டுபோவது?

ஆற்றைவிடச் சோம்பலாக ஒரு வாய்க்கால்

ஆறு சரிவில் போகிறது. கரையோர நிலமும் அதே சரிவில் கடலை நோக்கி இறங்குகிறது. ஆற்றின் சரிவைவிடக் குறைந்த சரிவில் ஒரு வாய்க்கால் வெட்டினால் என்ன ஆகும்?

எளிய எண்களை வைத்துப் பார்ப்போம். நிலம் ஒரு கிலோமீட்டருக்கு 2 மீட்டர் இறங்குகிறது என்று கொள்வோம். வாய்க்காலின் தரையை ஒரு கிலோமீட்டருக்கு அரை மீட்டர் மட்டும் இறங்கும்படி வெட்டுகிறோம். தலைப்பில், ஆற்று மணலுக்குள், நிலமட்டத்துக்கு 3 மீட்டர் கீழே தொடங்குகிறோம். அங்கே நீர் ஊறுகிறது. ஒரு கிலோமீட்டர் போனதும் நிலம் 2 மீட்டர் இறங்கியிருக்கும், வாய்க்கால் அரை மீட்டர்தான் இறங்கியிருக்கும். இடைவெளி 3 மீட்டரிலிருந்து ஒன்றரை மீட்டராகக் குறைந்துவிட்டது. இரண்டாவது கிலோமீட்டர் முடிவில் இடைவெளியே இல்லை. வாய்க்காலின் தரை நிலத்தின் மேல்மட்டத்துக்கு வந்துவிட்டது. அங்கிருந்து கீழேயுள்ள வயல்களுக்கெல்லாம் மடையைத் திறந்தால் போதும், நீர் தானே பாயும்.

நீர் எங்கும் மேலேறவில்லை. தலைப்பிலிருந்து வயல் வரை அது இறங்கிக்கொண்டேதான் வந்தது. நிலம் அதைவிட வேகமாக இறங்கியதால் வாய்க்கால் வெளிச்சத்துக்கு வந்தது. இதுதான் ஊற்றுக்காலின் முழு இரகசியம். மழை நின்று ஆறு வெறும் மணலாகத் தெரியும் மாதங்களிலும் ஊற்றுக்கால் ஓடியதற்குக் காரணம் இதுவே.

இதே கணக்கு உலகில் வேறு இடங்களிலும் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. ஈரானின் கனாத்துகள் மலையடிவார நீர்ப்படுகைக்குள் மென்சரிவில் குடையப்பட்ட சுரங்கக் கால்கள். யுனெஸ்கோ 2016-இல் அவற்றை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கேரளத்தின் காசர்கோடு பகுதியில் செம்பூரான் பாறையைக் குடைந்த சுரங்கங்கள் அதே வழியில் நீர் தருகின்றன. பாலாற்றங்கரை விவசாயிகள் மலையை நாடவில்லை. ஆற்று மணலையே தங்கள் நீர்ப்படுகையாகக் கொண்டு, திறந்த காலாக வெட்டினார்கள்.

சரிவை எவ்வளவு குறைக்கலாம்? இதற்கும் எல்லை உண்டு. பிரெஞ்சுப் பொறியாளர் அந்துவான் ஷெசி 18ஆம் நூற்றாண்டில், ஐவெட் ஆற்றின் நீரைப் பாரிசுக்குக் கொண்டுவரும் கால்வாய்க்காகக் கணக்குப் போட்டபோது ஒரு விதியை வகுத்தார். வாய்க்கால் நீரின் வேகம் சரிவின் வர்க்கமூலத்தைப் பொறுத்து மாறும். சரிவை நான்கு மடங்காக்கினால் வேகம் இரு மடங்குதான் ஆகும். சரிவைக் கால்பங்காக்கினால் வேகம் பாதியாகும். வேகம் மிகுந்தால் நீர் கரையை அரித்துவிடும். வேகம் குறைந்தால் வண்டல் படிந்து வாய்க்கால் தூர்ந்துவிடும். அரிப்புக்கும் தூர்வுக்கும் இடையே இருக்கும் குறுகிய வரம்புக்குள் வாய்க்காலின் சரிவை நிறுத்த வேண்டும். ஷெசியின் சூத்திரம் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இதைக் கண்ணாலும் கயிற்றாலும் தேங்கிய நீரின் பரப்பாலும் அளந்து வெட்டியவர்கள் இந்த ஊர்களில் இருந்தார்கள். நீர் தன்னளவில் துல்லியமான மட்டக்கருவி. இன்றும் கட்டட வேலை நடக்கும் இடங்களில் கொத்தனார்கள் ஒளி ஊடுருவும் குழாயில் தண்ணீர் நிரப்பி, இரு முனையையும் இரண்டு சுவர்களில் வைத்து மட்டம் பிடிக்கிறார்கள்.

மணலிலிருந்து நீர் எவ்வளவு வேகத்தில் ஊறும் என்பதற்கும் விதி உண்டு. 1856-இல் இன்னொரு பிரெஞ்சுப் பொறியாளர், ஆன்ரி டார்சி, தான் குடிநீர் வசதி செய்துகொடுத்த திஷோன் நகரைப் பற்றிய நூலில் அதை வெளியிட்டார். மணல் நிரப்பிய குழாயில் நீரை ஓடவிட்டுச் சோதித்து அவர் கண்டது இது: ஊறும் அளவு மூன்றைப் பொறுத்தது. ஒன்று, மணலின் தன்மை. பருமணல் தாராளமாக விடும், களி கையை மூடிக்கொள்ளும். இரண்டு, நீர்மட்டத்தின் சரிவு. மூன்று, நீர் வரும் பரப்பு. ஊற்றுக்கால்களின் தலைப்பு ஆற்று மணலுக்குள் நெடுந்தூரம் இழுத்து வெட்டப்பட்டதற்குக் காரணம் இந்த மூன்றாவது. தலைப்பு நீள நீள, இரு பக்க மணலிலிருந்தும் ஊறி வரும் பரப்பு கூடுகிறது.

ஒவ்வொரு வெள்ளத்திலும் அந்தத் தலைப்பு மணலால் மூடிப்போகும். வெள்ளம் வடிந்ததும் ஊர் கூடி மறுபடி வெட்ட வேண்டும். எனவே ஊற்றுக்கால் ஒருமுறை கட்டி முடித்த கட்டுமானமாக ஒருநாளும் இருந்ததில்லை. வருடந்தோறும் புதுப்பிக்கப்பட்ட ஓர் ஒப்பந்தம் அது. வேலைக்கு ஆள் அனுப்பும் வீட்டுக்கு நீரில் பங்கு.

செப்பேட்டில் ஏறிய வாய்க்கால்

பல்லவர்கள் தங்கள் தலைநகருக்குத் தண்ணீர் தேடிய விதத்தில் இந்த அறிவின் தடங்கள் தெளிவாகத் தெரிகின்றன. முதலாம் மகேந்திரவர்மன் காலத்து மாமண்டூர் ஏரி, மகேந்திரவாடி ஏரி; தந்திவர்மன் காலத்தில் உத்திரமேரூரில் வெட்டிய வைரமேக தடாகம்; காவேரிப்பாக்கம் ஏரி; தென்னேரி. காஞ்சியைச் சுற்றி ஏரிகள் சங்கிலித்தொடராக அமைந்தன. மழைநீரை மட்டும் நம்பி அவை வெட்டப்படவில்லை. காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள கூரம் ஊரில் கிடைத்த செப்பேடு, 7ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தது. பரமேசுவர தடாகம் என்ற ஏரியையும், அதை நிரப்பப் பாலாற்றிலிருந்து வெட்டி வந்த பெரும்பிடுகு வாய்க்காலையும் அது பதிவு செய்கிறது.

8ஆம் நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்மன் வெளியிட்ட காசாக்குடிச் செப்பேடு இன்னும் ஒரு படி மேலே போகிறது. தானமாகக் கொடுத்த ஊருக்குச் செய்யாற்றிலிருந்தும், வெஃகா என்று அன்று வழங்கிய வேகவதியிலிருந்தும், திரையன் ஏரியிலிருந்தும் கால் வெட்டிக்கொள்ளும் உரிமையை அது அளிக்கிறது. கூடவே தடைகளையும் வகுக்கிறது. அந்தக் கால்களிலிருந்து கிளைவாய்க்கால் வெட்டி நீரைத் திருப்பியவர்கள், சிறு ஏற்றம் வைத்து இறைத்தவர்கள், கூடையால் இறைத்தவர்கள் அரசனுக்குத் தண்டம் கட்ட வேண்டும்.

கூடையால் இறைப்பதற்குக்கூடத் தண்டமா என்று தோன்றலாம். வாய்க்காலின் இயற்பியலைப் பார்த்தால் இந்தக் கண்டிப்பு புரியும். அரை மீட்டர் சரிவில் ஒரு கிலோமீட்டர் ஓட வேண்டிய நீருக்கு ஒவ்வொரு விரற்கடை உயரமும் செல்வம். மேலே ஒருவர் நீரை எடுத்து ஆழத்தைக் குறைத்தால், கீழே வேகம் குறைகிறது. வேகம் குறைந்தால் வண்டல் படிகிறது. வண்டல் படிந்தால் கடைமடைக்கு நீர் போவதில்லை. ஒருவர் திருடியது நீரை மட்டும் என்றால் அடுத்த நாள் சரியாகிவிடும். அவர் மட்டத்தையும் சேர்த்துக் கெடுக்கிறார். செப்பேடு காத்தது அந்த மட்டத்தை.

உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறித்த கல்வெட்டுகள் குடவோலை முறைக்காகப் புகழ்பெற்றவை. ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டுத் தேர்ந்தெடுத்த வாரியங்களில் ஏரி வாரியமும் ஒன்று. நீரை நிர்வகிப்பதற்குத் தனிக் குழு, அதற்குத் தகுதி, தகுதியின்மை, ஓராண்டுப் பதவிக்காலம். வைரமேக தடாகத்தைத் தூர்வாருவதற்கென்றே அறக்கட்டளைகள் விடப்பட்டதை அதே ஊரின் பிற கல்வெட்டுகள் சொல்கின்றன. வெட்டியவன் பெயர் ஏரிக்குக் கிடைக்கும். ஏரி உயிரோடு இருப்பது தூர்வாரியவனால் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

மதகும் கலங்கலும்

ஏரிக்கு வந்து சேர்ந்த நீரை வெளியே விடுவதும் மட்டத்தின் கணக்குத்தான். கரையை அழுத்துவது ஏரியின் அகலம் அல்ல, ஆழம். ஒரு மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர மீட்டர் மேலும் ஒரு டன் எடை அழுத்துகிறது; ஐந்து மீட்டரில் ஐந்து டன். அதனால்தான் ஏரிக்கரை மேலே ஒடுங்கியும் அடியில் விரிந்தும் இருக்கிறது.

அடியில் உள்ள மதகைத் திறந்தால் நீர் எவ்வளவு வேகமாகப் பீறிடும் என்பதை இத்தாலியரான தொரிசெல்லி 1644-இல் வெளியிட்டார். உரசலை விட்டுவிட்டுப் பார்த்தால், துளைக்கு மேலே 4 மீட்டர் நீர் நிற்கும்போது வேகம் நொடிக்கு ஏறத்தாழ 8.9 மீட்டர், 1 மீட்டர் நிற்கும்போது 4.4 மீட்டர். நீர் உயரம் கால்பங்காகக் குறைந்தாலும் வேகம் பாதியாகத்தான் குறைகிறது. ஏரி நிறைந்திருக்கும்போது மதகை எவ்வளவு திறப்பது, வற்றும்போது எவ்வளவு என்பதை அனுபவத்தால் அறிந்திருந்தவர் நீர்க்கட்டி. ஊரின் நீர்ப்பங்கீடு அவர் கையில் இருந்தது.

கலங்கல் இதற்கு மறுபக்கம். கரையைவிடத் தாழ்வாக, கல்லால் கட்டிய வழிந்தோடி. ஏரியின் நீர்மட்டம் கலங்கலின் தலையைத் தாண்டியதும் மிகைநீர் தானே வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும். காவலுக்கு ஆள் தேவையில்லை. கோட்டை விளையாட்டில் மூழ்கிப்போகிறவர்கள் மறந்துவிடுவது இதைத்தான்: நீர் வரும் வழியை வெட்டுவதற்கு முன் நீர் போகும் வழியை வெட்ட வேண்டும். அந்த ஆட்டத்தில் ஒரு மாயம் உண்டு. கட்டங்களின் மூலைவிட்டத்தில் ஓர் இடுக்கு வைத்தால் நீரின் அழுத்தம் அங்கேயே அற்றுப்போகும். நிஜ உலகில் அப்படி ஓர் இடுக்கு இல்லை. இடுக்கு ஓட்டத்தைத் தாமதப்படுத்தும். கடைசியில் இரு பக்கமும் ஒரே மட்டத்துக்கு வந்தே தீரும்.

வேகவதிக் கரையில் இந்த அறிவு புராணமாகவும் நிலைத்திருக்கிறது. பிரம்மனின் வேள்வியைக் குலைக்கச் சரசுவதி வேகவதியாகப் பெருக்கெடுத்து வந்தபோது, திருமால் ஆற்றின் குறுக்கே அணையாகக் கிடந்து தடுத்தார் என்பது திருவெஃகா கோயிலின் தலவரலாறு. வெள்ளத்துக்குக் குறுக்கே படுத்த கடவுளை வழிபட்ட ஊர், நீரின் வலிமையை நேரில் கண்ட ஊராகத்தான் இருக்க வேண்டும்.

ஆறு கீழே இறங்கியது

இத்தனை நூற்றாண்டு ஓடிய ஊற்றுக்கால்கள் இன்று பெரும்பாலும் ஓடுவதில்லை. சில இடங்களில் தடமே இல்லை; சில இடங்களில் தடம் இருக்கிறது, நீர் இல்லை. பல வாய்க்கால்களை யாரும் உடைக்கவில்லை, மூடவில்லை. அவை இருந்த இடத்தில் அப்படியே இருக்கின்றன. ஆறுதான் அவற்றை விட்டுக் கீழே போய்விட்டது.

மேலே போட்ட கணக்கையே மறுபடி எடுத்துக்கொள்வோம். தலைப்பில் வாய்க்காலின் தரை நிலமட்டத்துக்கு 3 மீட்டர் கீழே. முன்பு மணலுக்குள் நீர் நிலமட்டத்துக்கு 1 மீட்டர் கீழே நின்றது. வாய்க்காலுக்குள் 2 மீட்டர் உயரம் நீர் ஊறியது. பல ஆண்டுகள் மணல் அள்ளியதால் ஆற்றின் தரை தாழ்கிறது. மணலோடு சேர்ந்து நீர்மட்டமும் தாழ்கிறது. 2 மீட்டர் தாழ்ந்தால் போதும், ஊற்றுக்கால் வறண்டுவிடும். மணலுக்குள் நீர் இன்னும் இருக்கும், வாய்க்காலுக்கு எட்டாது.

அப்படியானால் ஆழமாக வெட்டினால் ஆகாதா? இன்னும் ஒன்றரை மீட்டர் வெட்டுவோம். இப்போது தலைப்பில் ஆழம் நான்கரை மீட்டர். கிலோமீட்டருக்கு ஒன்றரை மீட்டர் வீதம் இடைவெளி குறைவதால், வாய்க்கால் வெளியே வர 2 கிலோமீட்டர் போதாது. 3 கிலோமீட்டர் ஆகும். முன்பு நீர் பாய்ந்த முதல் கிலோமீட்டர் ஆயக்கட்டு முழுவதும் இப்போது வாய்க்காலுக்கு மேலே நிற்கிறது. அந்த வயல்களுக்கு இனி மோட்டார்தான். பழைய இடத்திலேயே வாய்க்கால் வெளிவர வேண்டும் என்றால், தலைப்பை ஒரு கிலோமீட்டர் மேற்கே, ஆற்றின் மேல்பகுதிக்கு நகர்த்த வேண்டும். அங்கே வேறோர் ஊரின் தலைப்பு இருக்கும். ஆற்றின் தரை ஒன்றரை மீட்டர் தாழ்ந்தால் ஓர் ஊருக்கு ஒரு கிலோமீட்டர் பாசனம் போகிறது, அல்லது இரண்டு ஊருக்கு வழக்கு வருகிறது.

மணல் போவதில் இரட்டை இழப்பு இருக்கிறது. மட்டம் தாழ்வதோடு பாத்திரமும் சிறுத்துவிடுகிறது. முன்பு பார்த்தபடி, அரை கிலோமீட்டர் அகல ஆற்றில் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மீட்டர் மணல் போனால், ஒவ்வொரு முறை நிரம்பும்போதும் 10 கோடி லிட்டர் தங்க இடமில்லாமல் போகிறது. 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்தது. இரு கரை தொட்டு ஓடியதைப் பார்க்க மக்கள் பாலங்களில் கூடினார்கள். வெள்ளத்தைப் பிடித்து வைக்கும் மணல் மெலிந்துபோன ஆற்றில், வந்த நீர் கடலுக்குப் போவதுதான் எளிது.

மணல் மட்டும் காரணம் இல்லை. ஆற்றோரம் இறங்கிய ஆழ்துளைக் கிணறுகள், மேல்பகுதியில் கட்டிய தடுப்பணைகள், தோல் தொழிற்சாலைகளின் கழிவு எல்லாம் சேர்ந்தே இந்த நிலை. மைசூருக்கும் சென்னை மாகாணத்துக்கும் இடையே 1892-இல் ஏற்பட்ட நதிநீர் ஒப்பந்தத்தில் பாலாறும் அடங்கும். ஆற்று நீரைப் பற்றிய வழக்கு இன்றும் ஓயவில்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், பாலாற்றுப் படுகையின் தோல் கழிவு குறித்து உச்ச நீதிமன்றம் 1996-இல் அளித்த தீர்ப்பு இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தில் ஒரு மைல்கல்.

இந்த மாற்றம் நெசவையும் தொடும். கச்சாப் பட்டு நூலில் எடையில் நாலில் ஒரு பங்கு வரை செரிசின் என்ற பசைதான். சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் அந்தப் பசையை நீக்கிய பிறகே நூலுக்குப் பளபளப்பு வரும், சாயமும் ஏறும். நீரில் சுண்ணாம்பு, மக்னீசிய உப்புகள் மிகுந்தால் அவை சோப்போடு சேர்ந்து திரிந்து நூலில் படியும். இரும்பு இருந்தால் நிறம் மங்கும். பாலாற்று நீரால்தான் காஞ்சிப் பட்டுக்கு அந்த நிறம் என்று காஞ்சிபுரத்தின் நெசவாளர் பகுதியான பிள்ளையார்பாளையம் பக்கம் பழைய ஆட்கள் சொல்வதில் வேதியியல் இருக்கிறது. ஆற்று மணல் வடிகட்டித் தந்த நீருக்கும், ஆழத்தில் பாறையோடு நெடுநாள் கிடந்து உப்பேறிய நீருக்கும் சாயப்பாத்திரம் வேறுபாடு காட்டும். சாயத்துக்கு நல்ல நீர் வேண்டும். சாயக்கழிவு வேகவதியில் கலந்தால் அந்த நல்ல நீரே கெடும். அப்படிக் கலக்காமல் காக்கும் கடமையை ஊர் இன்னும் முழுதாக நிறைவேற்றவில்லை.

தனக்குத் தானே எல்லை வைத்த கருவி

ஊற்றுக்காலை மோட்டாரோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போது ஒரு பண்பு தனித்துத் தெரிகிறது. ஊற்றுக்காலால் தன் தரைமட்டத்துக்குக் கீழே உள்ள நீரை எடுக்கவே முடியாது. கோடையில் மணலின் நீர்மட்டம் இறங்க இறங்க ஊறும் அளவு குறையும். நீர்மட்டம் வாய்க்காலின் தரையைத் தொட்டதும் ஓட்டம் நிற்கும். அதற்குக் கீழே உள்ள நீர் ஆற்றுக்கே சொந்தம். அடுத்த மழை வரை அது கையிருப்பாகக் கிடக்கும். பேராசைக்காரன் ஒருவன் அந்தக் காலைப் பயன்படுத்தினாலும் இந்த எல்லையைத் தாண்ட முடியாது. சட்டம், காவல், அபராதம் எதுவும் இல்லாமல் சரிவின் கணக்கே அந்த எல்லையை வைத்தது.

நீர்மூழ்கி மோட்டாருக்கு இப்படி எல்லை இல்லை. நீர்மட்டம் இறங்கினால் குழாயை இன்னும் இறக்கலாம். ஒருவர் இறக்கினால் பக்கத்து நிலத்தவரும் இறக்க வேண்டும். மோட்டாரைக் குறை சொல்லிப் பயனில்லை. வாய்க்கால் வறண்ட பின் விவசாயிக்கு வேறு வழி இருக்கவில்லை. மட்டம் தாழ்ந்ததால் மோட்டார் வந்தது, மோட்டார் வந்ததால் மட்டம் மேலும் தாழ்ந்தது. எது முதல் என்று தேடுவதைவிட, இந்தச் சுழலை எந்த இடத்தில் அறுக்கலாம் என்று கேட்பதே நல்லது.

ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ் விளையாட்டிலும் நிலத்தடி நீர்ப்படுகை உண்டு. அதைக் குடைந்தால் நீர் கசிந்துகொண்டே இருக்கும். எவ்வளவு எடுத்தாலும் தீராது. ஆட்டத்துக்கு அது வசதி. கடந்த அரை நூற்றாண்டாகப் பாலாற்றையும் நாம் அப்படித்தான் நடத்தியிருக்கிறோம். மணல் தீராது, நீர் தீராது என்ற நினைப்பில் இரண்டையும் அள்ளினோம்.

திரும்பப் பெற வழி இருக்கிறதா? ஓரளவு இருக்கிறது. பாலாற்றின் கீழ்ப்பகுதியில் வள்ளிபுரம், வாயலூர் அருகே அண்மை ஆண்டுகளில் தடுப்பணைகள் எழுந்துள்ளன. மணலுக்குள்ளேயே குறுக்குச் சுவர் எழுப்பும் நிலத்தடித் தடுப்பணை இன்னொரு வழி. ஆற்றின் மேல் எதுவும் தெரியாது, ஆனால் அதற்கு மேற்பக்கம் மணலில் நீர்மட்டம் உயரும். மட்டம் ஒரு மீட்டர் உயர்ந்தால், பழைய ஊற்றுக்கால்களில் சிலவற்றின் தலைப்பை நீர் மறுபடி எட்டக்கூடும். ஆனால் தடுப்பணை நீரைப் பிறப்பிப்பதில்லை. மேலே உயர்த்திய மட்டம் கீழே ஒருவருக்குக் குறையும். பங்கீட்டைப் பேசி முடிக்காமல் சுவர் எழுப்பினால், பழைய செப்பேடுகள் தீர்த்து வைத்த சண்டை திரும்ப வரும்.

மணலைப் பொறுத்தவரை மாற்று மருந்து கிடையாது. ஆறு மணலைக் கொண்டுவர மலை உடைந்து பொடிய வேண்டும், பெருவெள்ளங்கள் அதை இழுத்து வர வேண்டும், வழியில் அணைகள் பிடித்துக்கொள்ளாமல் விட வேண்டும். மனித வாழ்நாளில் நடக்கும் காரியமல்ல அது. மிஞ்சியிருக்கும் மணலை அள்ளாமல் விடுவது ஒன்றே உடனே செய்யக்கூடியது. கட்டடத்துக்கு எம்-சாண்டு என்னும் செயற்கை மணல் இருக்கிறது. ஆற்றுக்கு ஆற்று மணலைத் தவிர வேறில்லை.

குடிமராமத்து என்ற பழைய பெயரில் தமிழக அரசு சில ஆண்டுகளுக்கு முன் தூர்வாரும் திட்டத்தை மீட்டெடுத்தது. வாய்க்கால்களை இயந்திரம் வைத்து ஆழப்படுத்துவது நல்ல வேலை போலத் தெரியும். ஊற்றுக்காலைப் பொறுத்தவரை, அளக்காமல் ஆழப்படுத்துவது ஆபத்து. நடுவில் ஓரிடத்தில் அரை மீட்டர் கூடுதலாக வெட்டினால் அங்கே நீர் தேங்கும். தரைமட்டம் ஒரே சரிவில் இல்லாத வாய்க்கால் குட்டைகளின் வரிசையாகிவிடும்.

அதனால் பொக்லைன் வருவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு, செலவும் குறைவு. ஊற்றுக்கால் இருந்த ஒவ்வொரு ஊரும் தன் காலின் தலைப்புத் தரை எந்த மட்டத்தில் இருக்கிறது என்பதை அளந்து, ஆற்றோரக் கிணறு ஒன்றின் உட்சுவரில் அந்த மட்டத்தைப் பெயின்டால் கோடிட்டு வைக்கலாம். மாதம் ஒருமுறை கிணற்று நீர் அந்தக் கோட்டுக்கு எவ்வளவு கீழே நிற்கிறது என்று பள்ளிப் பிள்ளைகளே குறித்து வரலாம். நீர் கோட்டை நெருங்கும் ஊரில் கால் வெட்டினால் பலன் உண்டு. பல மீட்டர் கீழே நிற்கும் ஊரில் முதலில் மணலையும் நீரெடுப்பையும் பற்றிப் பேச வேண்டும். அங்கே வாய்க்காலுக்குச் செலவிடும் பணம் வெறும் பள்ளத்துக்குச் செலவிடும் பணம். கிராம சபையில் மணல் குவாரி பற்றியோ புது ஆழ்துளைக் கிணறு பற்றியோ பேச்சு எழும்போது, அந்தக் கோட்டின் கணக்கு மேசையில் இருக்க வேண்டும். ஏரி வாரியம் அமைத்த வட்டாரத்துக்கு இது புதிய பழக்கமாக இருக்காது.